விட்டுப்போன மாதம்

தாம்பரம் ரயிலடியிலிருந்து கிழக்கே புறப்பட்டு, சேலையூரைக் கடந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் தெற்கே திரும்பிச் சென்றால் எதிர்ப்படுகிற மாடம்பாக்கம், இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கி, அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் புறநகராகிவிட்டது. நான் சிறுவனாயிருந்த 1960-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அது பெரிய ஏரியும், அந்த ஏரி பாயும் நெல்வயல்களும், கரையோரப் பனைகளும், இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகச் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் ஆலயமுமாக, பட்டணத்துச் சந்தடி எட்டாத கிராமமாகவே இருந்தது. கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுள் மறைந்திருந்த லிங்கத்தின்மீது பால் சொரிந்து வழிபட்டதால் இறைவனுக்கு இப்பெயர் வந்தது என்பது ஸ்தல புராணம். யானையின் பின்புறம் போல் வளைந்த விமானமுடைய அந்தக் கோயிலின் தூண் ஒன்றில், சிங்கமும் பறவையும் மனிதனும் ஒரே உடலில் கலந்த சரபேசுவரரின் வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. பிரகாரத்தில் ஓடியாடிக் களைத்த பிள்ளைகளாகிய நாங்கள் அந்தத் தூணருகே உட்கார்ந்து, இந்த உருவம் இங்கே வந்து நிற்குமுன் எங்கெங்கே பறந்திருக்கும், யார் யாரோடு சண்டை போட்டிருக்கும் என்று ஆளுக்கொரு கதை கட்டுவோம். கல்லிலே கண்ட உருவத்துக்குச் செய்த அந்த உபசாரத்தையே சில ஆண்டுகளுக்குப் பின் அச்சிலே கண்ட உருவங்களுக்கும் செய்யத் தொடங்கினோம். அவ்வாறு செய்தவர்கள் மாடம்பாக்கத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர். தமிழ்நாடு முழுவதும், தமிழ் வழங்கும் பிற நிலங்களிலும், ஒரு தலைமுறைக் காலம் பரவியிருந்த வழக்கம் அது. அதன் சரித்திரத்தை, நான் அறிந்த அளவில், இங்கே சொல்ல முயல்கிறேன்.

1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தேசம் விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தபோது, பி. நாகிரெட்டியும் அவருடைய நண்பர் சக்ரபாணியும் சென்னையில் ஒரு குழந்தைகள் மாதப் பத்திரிகையைத் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். நாகிரெட்டி அச்சுக்கலையின் நுட்பங்களை அறிந்தவர்; சக்ரபாணியோ சரத் சந்திரரின் கதைகளை வங்காளியிலிருந்து தெலுங்குக்குக் கொண்டுவந்த இலக்கிய ரசிகர். ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ முதலிய மாயாஜாலத் திரைப்படங்களைத் தந்த விஜயா ஸ்தாபனமும் இவ்விருவர் கூட்டில் விளைந்ததுதான் என்பதை நினைவுகூர்ந்தால், இவர்கள் பத்திரிகையில் மந்திரவாதிகளும் பறக்கும் ரதங்களும் ஏன் அவ்வளவு உயிரோடு உலவினார்கள் என்பது விளங்கும். 1949-ல் கன்னடத்திலும் இந்தியிலும் இதழ்கள் கிளைத்தன. பின்னர் மேலும் பல மொழிகள் சேர்ந்தன. சந்திரனை மாமனென்று காட்டிச் சோறூட்டும் வழக்கம் இந்நாடெங்கும் இருந்தபடியால், எந்த மொழிக்குப் போனாலும் பத்திரிகைக்குப் பெயர் தேட வேண்டிய சிரமம் அதிகம் இருந்திராது என்று நினைக்கிறேன்.

1952 முதல் 1980-ல் தாம் மறையும்வரை அந்தப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கியவர் கொடவட்டிகண்டி குடும்பராவ் என்ற பெருந்தெலுங்கு எழுத்தாளர். அவர் காலத்தில் வேரூன்றிய விக்கிரமாதித்தன்-வேதாளக் கதைவரிசையை நான் இந்த வழக்கத்தின் மூலஸ்தானமாகவே கருதுகிறேன். பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில் வேதாளம் சொல்லும் கதைகள் இருபத்தைந்துதான். தமிழ்நாட்டிலும் ரத்தின நாயகர் போன்றோர் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களின் வழியே விக்கிரமாதித்தன் கதை திண்ணைதோறும் வாசிக்கப்பட்டு வந்தது. மாதம் ஒரு கதை வீதம் வெளியிட்டால் இருபத்தைந்து கதைகள் இரண்டு ஆண்டுகளிலே தீர்ந்துபோகும். ஆனால் அம்புலிமாமாவின் வேதாளம் பல பதிற்றாண்டுகள் ஓயவேயில்லை. எப்படியென்றால், தோளில் பிணத்தைச் சுமந்து மௌனமாக நடக்கும் அரசன், வழிச்சலிப்புத் தீர வேதாளம் சொல்லும் கதை, கதையின் முடிவில் ஒரு தர்மசங்கடமான கேள்வி, விடை சொன்னதால் மௌனம் கலைய, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிக்கொள்வது என்ற அந்தச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே புதுப்புதுக் கதைகளைப் பொருத்திக்கொண்டே போனார்கள். எழுத்தாளர்கள் அனுப்பிய கதைகளும் ஆசிரியர் குழுவின் கைப்பட்டு வேதாளத்தின் வாய்மொழியாக மாறின. ஆயிரம் ஆண்டு பழைய கதைக்கு யாரோ பெயர் தெரியாதவர்கள் மாதந்தோறும் வாலைச் சேர்த்துக்கொண்டிருந்ததைப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, தாங்களும் ஒரு வால் சேர்க்கலாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் வேதாளம் நாற்பது கதைகளாவது அதிகப்படியாகச் சொல்லியிருக்கும்.

வேதாளத்துக்கு அடுத்தபடி எங்களை ஆட்கொண்டவை தொடர்கதைகள். 1954-ல் தெலுங்கில் ‘தோகசுக்க’ என்ற பெயரில் தொடங்கி, ஒன்று முடிய மற்றொன்றாக அந்தத் தொடர்கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதிக் குவித்தவர் தாசரி சுப்பிரமணியம். பத்திரிகை அவர் பெயரை அக்கதைகளின்மேல் அச்சிட்டதில்லை. தெலுங்கு வாசகர்கள் பலருக்கே அவர் யாரென்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மொழிபெயர்ப்பில் படித்த நாங்களோ அப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று எண்ணியும் பார்த்ததில்லை. ஆசிரியன் இன்னானென்று தெரியாத கதை ஊர்ப்பொதுச் சொத்தாகிவிடுகிறது. அதைத் தொட்டு நீட்ட யாரிடம் அனுமதி கேட்பது? படங்களுக்கு மட்டும் பெயர் இருந்தது. ‘சித்ரா’ என்று கையொப்பமிட்டவர் டி. வி. ராகவன் என்பதும், ‘சங்கர்’ என்றவர் தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கே. சி. சிவசங்கரன் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்துவரும் சங்கரின் சித்திரத்தைப் பார்த்து வரைந்து பழகாத பையன் அந்நாளில் அபூர்வம். 2020-ல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தபின், மறு ஆண்டே அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அளித்தது; ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டிவைத்து அவர் கோடுகளின்மேல் கோடு இழுத்த ஆயிரக்கணக்கான சிறுவர்களின் சிரத்தை அவருக்குக் கிட்டியிருந்தது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: எங்களைக் கதை கட்டவைத்தது கதை மட்டுமன்று, கதைக்கும் கதைக்கும் நடுவே கிடந்த ஒரு மாதம். மந்திரவாதியின் குகைக்குள் ராஜகுமாரன் காலெடுத்து வைத்த இடத்தில் ‘இன்னும் உண்டு’ என்று நிறுத்திவிட்டால், அடுத்த முப்பது நாள்களும் அவன் அந்தக் குகை வாயிலிலேயே ஒற்றைக் காலில் நிற்கிறான். அவனை அப்படியே நிற்கவிட்டுப் பள்ளிக்கூடம் போகவும், மாடு மேய்க்கவும், உறங்கவும் எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குச் சுமார் நான்கு மைல். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தபடியால், வடபழனியில் அச்சான பத்திரிகை தாம்பரம் ஸ்டேஷன் கடைக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு வருவதுதான் பிரயாணம். முறை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடந்துபோய் வாங்கி வருவோம். வாங்கியவன் வழியிலே பிரித்துப் படிக்கக்கூடாது என்பது எங்களுக்குள் சத்தியம். அந்தச் சத்தியம் ராஜகீழ்ப்பாக்கத்துப் புளிய மரங்கள்வரைகூட நிலைத்ததில்லை. கோயில் குளத்துப் படியில் ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்போம். வாசித்து முடிந்ததும் வாதம் தொடங்கும். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதற்கு ஏழு பேர் ஏழு கதை சொல்வார்கள். மறுமாதம் அச்சில் வந்தது அந்த ஏழில் எதனோடும் ஒத்துப்போகாவிட்டால், அச்சுக் கதைதான் தவறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லவும் தயங்கமாட்டோம்.

அந்த வாதங்களிலிருந்து பிறந்ததுதான் எங்கள் கையெழுத்துப் பத்திரிகை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஃபுல்ஸ்கேப் தாளை இரண்டாக மடித்து, நடுவில் ஊசிநூலால் தைத்து, காக்கிக் காகிதத்தில் மேலட்டை போடுவோம். எழுத்து அழகாயிருப்பவன் ஒருவனே முழு இதழையும் எழுதவேண்டும். அவன் கட்டைப்பேனாவைக் கறுப்பு மையில் தோய்த்து, அச்செழுத்தைப் போலவே தலைப்புகளைத் தடித்தும் உள்ளடக்கத்தை மெலிந்தும் எழுதுவான். பக்கத்துக்கு ஒரு படம் இருப்பது அம்புலிமாமாவின் வழக்கம் ஆகையால், எங்கள் பத்திரிகையிலும் பக்கந்தோறும் ஒரு கட்டம் முதலிலேயே கோடிட்டு விடப்படும். எழுதுபவன் அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு எழுதிப் போக, படம் வரைபவன் பின்னால் வந்து நிரப்புவான். சிவப்புக்குக் குங்குமத்தையும் மஞ்சளுக்கு மஞ்சளையும் குழைத்துத் தீட்டிய மாதங்கள் உண்டு. அந்த இதழ்களைத் திறந்தால் பூஜை அறையின் வாசனை வரும். இரண்டு படங்களை அச்சிட்டு அவற்றுக்குப் பொருத்தமான வாசகம் எழுதச் சொல்லும் புகைப்படப் போட்டி அம்புலிமாமாவில் உண்டல்லவா? நாங்களும் இரண்டு படம் வரைந்து போட்டி வைத்தோம். பரிசு ஒரு பென்சில். பிரதி ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மஞ்சள் பையில் வீடு வீடாகப் போகும். கடைசி நான்கு பக்கங்கள் வாசகர் அபிப்பிராயத்துக்கென்று வெறுமையாக விடப்பட்டிருக்கும். அந்தப் பக்கங்களில் பிள்ளைகள் எழுதியதைவிடப் பெரியவர்கள் எழுதியதே அதிகம். ஒற்றுப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, இறுதியில் ‘அடுத்த இதழ் எப்போது?’ என்று கேட்டு எழுதிய ஓர் ஆசிரியரின் கையெழுத்து இன்னும் என் கண்முன் நிற்கிறது.

இதைச் செய்ததில் நாங்கள் முதல்வர்களும் அல்லோம், தனியர்களும் அல்லோம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் வாலிபர் சங்கங்களிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது, அச்சுப் பத்திரிகைகள் பெருகிய காலந்தொட்டே ஒரு சம்பிரதாயமாக இருந்தது. பிற்காலத்தில் குழந்தைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட வாண்டுமாமா முதலிய எழுத்தாளர் பலர் மாணவப் பருவத்தில் அதில் கை பழகியவர்களே. யாழ்ப்பாணத்தில் ‘மறுமலர்ச்சி’ என்ற புகழ்பெற்ற இலக்கிய ஏடு 1946-ல் அச்சேறுவதற்கு முன்பு கையெழுத்து இதழாகவே உலவியது. கல்கத்தாவில் சுகுமார் ராய் தம் இளமைத் தோழர்களோடு சேர்ந்து வேடிக்கைச் சங்கம் ஒன்று அமைத்து, அதற்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். வங்கக் குழந்தைகளின் அற்புத உலகமெல்லாம் பின்னால் அவர் பேனாவிலிருந்து பிறந்தது. பிள்ளைகள் எழுதலாம் என்பதை அச்சு உலகமும் ஒப்புக்கொண்ட காலம் அது. 1950-ல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால், சக்தி வை. கோவிந்தனைத் தலைவராகக் கொண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. ‘அணில்’, ‘டமாரம்’, ‘சங்கு’, ‘பூஞ்சோலை’ என்று சிற்றிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வி நடத்திய ‘கண்ணன்’ இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்து, வாசிக்கும் பிள்ளைகளிடமிருந்தே எழுத்தாளர்களைப் பொறுக்கியெடுத்தது. அந்தப் பத்திரிகையின் போட்டிக்கு, பதினாறு வயதளவில் ஒரு பெண் ‘நந்திமலைச் சாரலிலே’ என்ற நாவலை எழுதி அனுப்பிப் பரிசு பெற்றாள். அவர்தான் அம்பை என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றி, 2021-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர். தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் கல்லூரிகளையும் மணிக்கொடியையும் பற்றி எழுதுவதில் பத்தில் ஒரு பங்கையாவது, பிள்ளைகளின் காக்கி அட்டைப் பத்திரிகைகளைப் பற்றி எழுதவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேல்நாடுகளிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் வீட்டில், 1826-ல் தந்தை வாங்கிவந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களுக்குப் பெயரிட்டு, ராஜ்யம் கொடுத்து, அந்த ராஜ்யத்துக்கென்று தீப்பெட்டி அளவில் பத்திரிகைகளைக் கையாலேயே அச்செழுத்துப் போல எழுதித் தைத்த பிராண்டி சகோதரிகளும் அவர்கள் சகோதரனும், தங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ‘பிளாக்வுட்’ பத்திரிகையைத்தான் மாதிரியாகக் கொண்டார்கள். சிப்பாய்கள் வாசிக்கத்தக்க அளவில் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பொடியெழுத்து. அமெரிக்காவில் ஃபிராங்க் பாம் 1900-ல் தொடங்கிய ஆஸ் நாட்டுக் கதைகளில் அவர் எழுதியவை பதினான்கு; கதை இப்படிப் போகட்டும், இன்னாரை மறுபடி கொண்டுவாருங்கள் என்று குழந்தைகள் எழுதிய கடிதங்களிலிருந்து தாம் யோசனைகளை எடுத்துக்கொண்டதை அவரே முன்னுரைகளில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1919-ல் அவர் மறைந்தபின், அந்தக் கதைகளைச் சிறுமியாயிருந்தபோது படித்து மகிழ்ந்த ரூத் பிளம்லி தாம்ஸன் என்ற பெண்மணி 1921 முதல் 1939 வரை ஆண்டுக்கொன்றாகப் பத்தொன்பது நூல்களை எழுதிக் கதையைத் தொடர்ந்தார். 1957-ல் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பதினாறு பேரைச் சேர்த்து அந்தக் கதைகளுக்கென்று அமைத்த சங்கமும் அதன் இதழும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. ஹாவர்த் எங்கே, மாடம்பாக்கம் எங்கே! ஆயினும் பிராண்டி பிள்ளைகளின் அந்தப் பொடிப் புத்தகங்களின் புகைப்படத்தை முதன்முதலில் பார்த்த அன்று, எங்கள் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் போலவே உணர்ந்தேன்.

கையெழுத்துப் பத்திரிகைக்கு அடுத்தது பைண்டிங். ‘கல்கி’யில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வ’னை மணியத்தின் சித்திரங்களோடு கத்தரித்துத் தைத்து வைத்திராத வாசக வீடு அந்நாளில் குறைவு; பிள்ளைகள் அதே மரியாதையை அம்புலிமாமாவின் தொடர்களுக்குச் செய்தார்கள். தாம்பரம் மார்க்கெட் அருகே ஒரு சந்தில் முதியவர் ஒருவர் இந்த வேலையைச் செய்துவந்தார். இதழ்களின் கம்பிப் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். துருப்பிடித்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவார். பிறகு பாகங்களை அடுக்கி, முதுகுப் புறத்தில் ரம்பத்தால் லேசாக நான்கு கீறல் போட்டு, சணல் நூலை அந்தக் கீறல்களில் பதித்துத் தைப்பார். மைதாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்திருப்பார். அந்த நீலம் பாரித்த பசையின் நெடி என் நாசியைவிட்டு இன்னும் போகவில்லை. காலிகோ துணி ஒட்டி, அட்டை போட்டு, இரண்டு பலகைக்கு நடுவே வைத்துத் திருகிவிட்டால், மறுவாரம் புத்தகம்.

நான் மேலே சொன்ன தொடர்களில் ஒன்று முடிந்து, அதைப் பைண்டு செய்ய எடுத்துவைத்தபோது, நடுவில் ஒரு மாதம் இல்லை. அந்த ஆண்டுக் கார்த்திகையில் மழை பிடித்து, ஏரி கலங்கல் வழிந்து, பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது கடையில் பிரதிகள் தீர்ந்திருந்தன. முந்திய மாதத்தில் ராஜகுமாரன் பாழடைந்த கோட்டையின் நிலவறையில் அடைபட்டுக் கிடந்தான். பிந்திய மாதத்தில் அவன் காட்டாற்றின் அக்கரையில் நின்றுகொண்டிருந்தான். எப்படி வெளியே வந்தான் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் அக்காளுக்கு அப்போது பதின்மூன்று வயது; பெண்பிள்ளை என்பதால் குளத்துப் படிச் சபைக்கு அவளை அனுப்பமாட்டார்கள், கையெழுத்துப் பத்திரிகைதான் வீடு தேடி அவளிடம் வரும். அவள் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல், விட்டுப்போன அந்த மாதத்தைத் தானே எழுதினாள். அம்புலிமாமாப் பக்கத்தின் நீள அகலத்தை அளந்து தாளை நறுக்கி, இரண்டு பத்தியாகக் கோடிட்டு, படத்துக்கு இடம் விட்டு, மொத்தம் எட்டுப் பக்கம். நிலவறைச் சுவரில் பால் கசிந்து வழிகிறது. ராஜகுமாரன் அந்த ஈரத்தைத் தடவிக்கொண்டே போகிறான். சுவருக்கப்பால் மண்ணைக் குளம்பால் கீறிக்கொண்டு ஒரு பசு நிற்கிறது. அது சபிக்கப்பட்ட ஒரு முனிவர். அது காட்டிய சுரங்க வழியே அவன் ஆற்றங்கரைக்கு வந்துசேர்கிறான். எங்கள் ஊர்க் கோயிலின் பசு, தெலுங்கில் பிறந்த கதைக்குள் அப்படிப் புகுந்தது.

கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பைண்டர் விரலால் மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, ஒரு மாசம் கொறையுதே? வுட்டுட்டுத் தெச்சிடட்டா?”

“இல்லைங்க தாத்தா, இதை நடுவுல வெச்சித் தைக்கணும்” என்று அக்காளின் எட்டுப் பக்கங்களை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். எட்டுப் பக்கமும் முடியும்வரை வேலையைத் தொடவில்லை. “யாரு எயிதினது?” என்று மட்டும் கேட்டார். அந்தப் புத்தகத்துக்கு அவர் கூலி முழுவதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பின்னால் காலம் வேகமாக ஓடியது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது, அதே ஆண்டில் ‘கோகுலம்’ வந்தது, 1984-ல் லயன் காமிக்ஸ் பிறந்தது. மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் நரை கண்ட பின்னும் ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி ஒன்றுகூடுகிறார்கள் என்று கேட்கும்போது மனம் நிறைகிறது. அம்புலிமாமாவோ 1998-ல் நின்று, மறு ஆண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கி, 2007-ல் கைமாறி, சில ஆண்டுகளில் அச்சிலிருந்து மறைந்தது. தாசரி சுப்பிரமணியம் 2010-ல் காலமானார். அதற்குள் தெலுங்கு வாசகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரில்லாமல் வெளிவந்த கதைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள் என்பது சற்று ஆறுதல் தருகிறது. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஹாரி பாட்டர் இருக்கிறான், பி. எஸ். வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழும் பேசுகிறான். அந்த வரிசையின் நான்காம் புத்தகம் 2000 ஜூலையிலும் ஐந்தாம் புத்தகம் 2003 ஜூனிலும் வெளிவந்தன. நடுவே கிடந்த மூன்று ஆண்டுகளில் உலகெங்கும் வாசகர்கள் தாங்களே எழுதித் தள்ளிய தொடர்ச்சிகளுக்குக் கணக்கில்லை என்கிறார்கள். எங்களுக்கு ஒரு மாதம், அவர்களுக்கு மூன்று ஆண்டு. இப்போது வரிசை முழுவதும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது. என் பேத்தி விடுமுறையில் ஏழு புத்தகங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஆனாலும் ஏழாவதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள், யாருக்கும் காட்டுவதில்லை.

நான் வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போவதுண்டு. பழைய பூட்டுகளுக்கும் ரேடியோப் பெட்டிகளுக்கும் நடுவே தார்ப்பாய் விரித்துப் பழம்புத்தகங்களைக் கொட்டியிருப்பார்கள். 1985-ல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் தேடியவர்களுக்கு இது அதன் நிழல் போலத்தான். இருந்தாலும் குனிந்து கிளறுகிறவனை அது வெறுங்கையோடு அனுப்புவது குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கிளறியபோது, மேலட்டை இல்லாத ஓர் அம்புலிமாமா கைக்கு வந்தது. உள்ளே புரட்டினேன். பாழடைந்த கோட்டை, நிலவறை, சித்ராவின் கோடுகளில் ராஜகுமாரன். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் காணாத அந்தக் கார்த்திகை மாதத்து இதழ்தான். சந்தையின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடியே படித்து முடித்தேன். அச்சுக் கதையில் காவலாளி ஒருவன் உறங்கிவிடுகிறான், ராஜகுமாரன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான்.

அக்காள் இப்போது இல்லை. பைண்டு மிகவும் தளர்ந்துபோயிருந்ததால், புத்தகத்தைப் பிரித்துப் புதிதாகத் தைக்கக் கொடுத்தேன். சந்தையில் கிடைத்த அச்சுப் பக்கங்களைப் புத்தகத்தின் கடைசியில், வெற்றுத் தாள்களுக்கு முன்னால் வைத்துத் தைக்கச் சொன்னேன். அக்காள் எழுதிய எட்டுப் பக்கங்கள் முன்பு தைத்த இடத்திலேயே இருக்கின்றன.